ஸ்ராச் பவுடர் இரத்தத்தை உறைய வைக்குதோ, இல்லாட்டி தண்ணியை மட்டும் குடிக்குதோ

முதல்லயே சொல்லிவிடுறன், நான் டொக்டர் இல்லை, யாழ்ப்பாணத்தில ஒரு லாப்பில ரெஸ்ட் செய்யிற ஆள். ஒப்பரேசன் நேரம் கசியிற இரத்தத்துக்கு மேல தூவுற ஸ்ராச் பவுடர் இருக்கெல்லோ, உடம்புக்குள்ளயே கரைஞ்சு போறது, அதைச் சோதிக்கிற வேலையோட கொஞ்சக் காலமா மாரடிச்சுக்கொண்டிருக்கிறன். 2022ல டொலர் இல்லாமல் ஆஸ்பத்திரியளுக்கு வாற சாமான் எல்லாம் தட்டுப்பட்ட நேரம், பேராதனையில வழமையான ஒப்பரேசனையே நிப்பாட்டி வைச்ச காலம் அது, வெளிநாட்டுப் பவுடருக்குப் பதிலா எங்கட மரவள்ளியிலயும், பனங்கிழங்கைக் காயவைச்ச ஒடியலிலயும் இதைச் செய்யேலாதோ எண்டு கனபேர் யோசிக்கத் தொடங்கினவை. யோசினை நல்லது. ஆனா செய்யிறதை விட, செய்தது உண்மையில வேலை செய்யுதோ எண்டு கண்டுபிடிக்கிறதுதான் பெரிய பாடு. அதில நான் பாத்ததுகளைத்தான் இதில எழுதுறன், இந்தப் பக்கம் வரப்போற பிள்ளையளுக்கு உதவும்.

பவுடர் என்னெண்டு முதல்ல கொஞ்சம். அமெரிக்காவில மருந்துகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏ 2006ல அரிஸ்ரா எண்ட பவுடருக்கு அனுமதி குடுத்தது, உருளைக்கிழங்கு மாதிரி தாவரத்தில எடுத்த ஸ்ராச்சைச் சுத்தப்படுத்தி, அதின்ர சங்கிலியளை ஒண்டோட ஒண்டு பிணைச்சு, நுண்துளை உள்ள சின்ன உருண்டையளா ஆக்கின சாமான். பேர்க்குளொட் எண்ட இன்னொண்டுக்கு அங்க 2023லதான் அனுமதி கிடைச்சது, ஐரோப்பாவில அதுக்கு முதலே பாவிச்சவை. ரெண்டும் செய்யிற வேலை ஒண்டுதான்: இரத்தத்தில இருக்கிற தண்ணியைக் கெதியா உறிஞ்சுது, தண்ணி போக மிச்சம் இருக்கிற பிளேட்லெட், சிவப்பணு, உறைதலுக்கான புரதங்கள் எல்லாம் ஒரே இடத்தில நெருக்குப்பட்டு நிக்குது, அதால ஆளின்ர சொந்த இரத்தமே வேகமா உறையுது. பிறகு உடம்பில இருக்கிற அமைலேஸ் நொதியம் பவுடரை வெட்டிக் கரைச்சிடும், ஒண்டு ரெண்டு நாளில பவுடர் இல்லை. இதே வேலைக்குப் பாவிக்கிற செலுலோஸ் துணி கரைய ஒண்டு ரெண்டு கிழமை, ஜெலற்றின் பஞ்சு கரைய நாலு தொடக்கம் ஆறு கிழமை எண்டு பாக்கேக்க இது பெரிய விசயம். மாட்டுப் புரதம், பண்டிப் புரதம், மனித புரதம் ஒண்டும் இல்லை, அதால அலர்ஜிப் பயமும் சமயப் பிரச்சினையும் குறைவு.

கவனிச்சியளோ, "ஆளின்ர சொந்த இரத்தமே உறையுது" எண்டனான். பவுடர் தானா உறைய வைக்கேல்ல. அதுக்குள்ள துரொம்பின் மாதிரி உறைய வைக்கிற புரதம் ஒண்டும் இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் குடிக்கிற ஆளிலயோ பிளேட்லெட் விழுந்துபோன டெங்கு ஆளிலயோ அதின்ர பலன் அந்தளவுக்குக் குறையும் எண்டு யோசிச்சாலே விளங்கும். கீழ நான் சொல்லப்போற கரைச்சல் முழுக்க இந்த ஒரு இடத்திலயிருந்துதான் வருது.

இனி "சமையல் மாவும் ஸ்ராச்தானே" எண்ட கேள்வி. பச்சை ஸ்ராச் குளிர்தண்ணியில ஊதாது, ஒரு கொஞ்சத் தண்ணியை எடுத்துக்கொண்டு அடியில போய்க் குந்தியிருக்கும், மரவள்ளி மாவைக் கரைச்சு வைச்சுப் பாத்த ஆக்களுக்குத் தெரியும். மருந்துப் பவுடரா வரவேணுமெண்டால் துளை போடவேணும், பிணைக்கவேணும், இல்லாட்டிக் காபொக்சிமெதைல் மாதிரிக் கூட்டங்களைச் சேத்து மாத்தவேணும். பிணைக்கிறதுக்குப் பாவிக்கிற எபிகுளோரோஹைட்ரின் நல்ல நச்சுச் சாமான், மிச்சம் விடாமல் கழுவினதுக்குச் சாட்சி வேணும். அதோட சமையல் மாவில கிருமி வித்துகள் எக்கச்சக்கம். வெட்டுக்காயத்துக்குக் கோப்பித்தூள் அப்புற பழக்கம் இஞ்ச இன்னும் போகேல்ல, ஆஸ்பத்திரி நேர்ஸ்மார் அதைக் கழுவி எடுக்கப் படுற பாட்டைக் கேட்டுப் பாருங்கோ. தயவுசெய்து இதை வாசிச்சிட்டு ஆரும் வீட்டில மாவைக் காயத்தில போட்டிடாதேங்கோ. ஒடியலைப் பற்றியும் ஒரு சொல்லு: ஒடியல் மாவில நச்சுத்தன்மை இருக்கிறதை எலியளில காட்டின பழைய இலங்கை ஆய்வுகள் இருக்கு, ஸ்ராச்சை மட்டும் பிரிச்செடுத்துச் சுத்தப்படுத்தினால் அது போயிடும் எண்டு நினைச்சுக்கொண்டு நேர உள்ள போகேலாது, போயிட்டுது எண்டு காட்டவேணும். ஒடியல் கூழ் குடிச்சு வளந்தனாங்கள்தானே எண்டு ஒரு பிள்ளை கேட்டது, வயித்துக்கு வாயால போறதும் வயித்தைத் திறந்து தூவுறதும் ஒண்டில்லை.

சரி, விசயத்துக்கு வருவம். லாப்பில எல்லாரும் முதல்ல செய்யிற ரெஸ்ட், ரியூப்பைச் சரிக்கிறது. 3.2 சதவீத சிற்றேட் ஒரு பங்குக்கு 9 பங்கு இரத்தம் எடுத்து வைச்சால் அது உறையாமல் நிக்கும், ஏனெண்டால் சிற்றேட் கல்சியத்தைப் பிடிச்சு வைச்சிருக்கு. பிறகு 37 பாகை வோட்டர் பாத்தில ரியூப்பை வைச்சு, பவுடரைப் போட்டு, கல்சியம் குளோரைட்டை விட்டு, மணிக்கூட்டை அமத்திப்போட்டு, குறிச்ச இடைவெளியில சரிச்சுச் சரிச்சுப் பாக்கிறது. இரத்தம் ஓடாமல் நிண்டால் உறைஞ்சிட்டுது எண்டு நேரத்தைக் குறிக்கிறது. பவுடர் போட்ட ரியூப் டக்கெண்டு நிக்கும், போடாத ரியூப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளையளின்ர முகத்தில அப்ப வாற சந்தோசத்தைப் பாக்கவேணும்.

அந்தச் சந்தோசத்தைக் கெடுக்கிறதுதான் என்ர வேலை. நான் சொல்லுறது: "இன்னொரு ரியூப் எடு, அதே இரத்தம், அதே பவுடர், கல்சியம் மட்டும் விடாத." கல்சியம் இல்லாட்டி இரத்தம் உறைய வழியே இல்லை. ஆனா அந்த ரியூப்பும் ஓடாமல் நிக்கும், கனதரம் அதே நேரத்திலயே நிக்கும். அப்ப நாங்கள் பாத்தது என்ன? பவுடர் தண்ணியைக் குடிச்சு ஊதி, இரத்தம் களியாகி நிண்டதைத்தான் பாத்திருக்கிறம். அது கெட்டது எண்டு சொல்லேல்ல, காயத்தில அந்தக் களியும் ஒரு தடைதான், ஆனா அதை உறைதல் எண்டு ரிப்போட்டில எழுதினால் பொய். கல்சியம் விட்டதும் விடாததும் ரெண்டு ரியூப்புக்கும் இடையில வாற வித்தியாசத்திலதான் உண்மையான உறைதல் தெரியும், அந்த வித்தியாசம் சிலவேளை ஒண்டுமே இல்லாமலும் போகும்.

களியோ கட்டியோ எண்டு கையால பாக்கவும் ஏலும். நிண்டுபோன ரியூப்புக்குள்ள இளஞ்சூட்டில சேலைன் விட்டு மெதுவா ஆட்டுங்கோ. வெறும் களியெண்டால் ஓரத்திலயிருந்து கரைஞ்சு சேலைன் முழுக்கச் சிவந்துபோகும். உறைஞ்சதெண்டால் சேலைன் அவ்வளவாச் சிவக்காது, கட்டி ஒரு துண்டா மிதக்கும். அதை ஒரு மரக்குச்சியால தூக்கினால் வெளிறின நூல் மாதிரி ஒண்டு இழுபட்டுக்கொண்டு வரும், அதுதான் ஃபைப்ரின், உறைஞ்ச இரத்தத்தைக் கட்டி வைக்கிற புரத நூல். எனக்குப் பிடிச்ச இன்னொரு வழி அமைலேஸ் விடுறது. அமைலேஸ் ஸ்ராச்சைத்தான் வெட்டும், ஃபைப்ரினைத் தொடாது, அதால 37 பாகையில வைச்சு விட்டால் ஸ்ராச் களி மட்டும் இளகிப் போகும், உறைஞ்ச இரத்தம் கிடக்கும். இறுக்கமாப் பிணைச்ச பவுடருக்கு நேரம் எடுக்கும், அவசரப்படாதேங்கோ. இந்த ஒரு வேலையில ரெண்டு கேள்விக்கு மறுமொழி வருது: உறைஞ்சதோ எண்டதும், உடம்புக்குள்ள இது கரையுமோ எண்டதும். கரையுறதைத் தனியாப் பாக்கிறதெண்டால் அயடீன் காணும், ஒவ்வொரு தவணையும் ஒரு துளி எடுத்து வெள்ளைத் தட்டில விட்டு அயடீன் தொட்டால் முதல்ல கருநீலம், பிறகு ஊதா, பிறகு மண்ணிறச் சிவப்பு, கடைசியில அயடீன்ர சொந்த மஞ்சள்தான் மிஞ்சும். ஓஎல் படிச்ச ஆக்கள் எல்லாரும் துப்பலை வைச்சுச் செய்த அதே சோதினைதான்.

ஆய்வுக் கட்டுரையளில கனக்கப் பாவிக்கிற இன்னொண்டு இரத்தம் உறைதல் சுட்டி எண்டுறது. பவுடருக்கு மேல கல்சியம் சேத்த இரத்தத்தை ஒரு துளி விட்டு, கொஞ்ச நேரத்தால காய்ச்சி வடிச்ச தண்ணியைக் குலுக்காமல் மெல்லமா விடுறது, உறையாத சிவப்பணு வெடிச்சு தண்ணி சிவக்கும், அதை 540 நானோமீற்றரில வாசிக்கிறது. வாசிப்புக் குறைவெண்டால் நல்லா உறைஞ்சிருக்கு எண்டு அர்த்தம். பாக்க நேர்த்தியான முறை, ஆனா இதிலயும் அதே கள்ளன்தான் ஒளிச்சிருக்கிறான்: களிக்குள்ள சிக்கின சிவப்பணுவும் வெளிய வராது, வாசிப்பு அதாலயும் குறையும். கல்சியம் விடாத கொன்ரோல், அதாவது ஒப்பிடுறதுக்கு வைக்கிற மாதிரி, இல்லாமல் இந்தச் சுட்டியை மட்டும் போட்டு "எங்கட பவுடர் சிறந்தது" எண்டு கிராப் கீறி வந்தால் நான் நம்பமாட்டன்.

கல்சியம் எண்டதும் எங்கட ஊர்த் தண்ணி ஞாபகம் வருது. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல இருக்கு, கிணத்துத் தண்ணி எவ்வளவு வன்மையெண்டு கேத்திலின்ர அடியைப் பாத்தாலே தெரியும், வெள்ளைப் படை படையாப் பிடிச்சிருக்கும். மரவள்ளிக் கிழங்கை அரைச்சுப் பிழிஞ்சு ஸ்ராச்சைத் திரும்பத் திரும்பக் கழுவேக்க, முதல் கழுவல்தானே எண்டு கிணத்துத் தண்ணியில தொடங்கினால் கல்சியம் மாவோட ஒட்டி நிண்டிடும். உருளைக்கிழங்கு ஸ்ராச்சில இன்னும் மோசம், அதில இயற்கையாவே பொஸ்பேற் கூட்டங்கள் இருக்கு, கல்சியத்தை இழுத்துப் பிடிச்சு வைக்கும். இந்தப் பவுடரைச் சிற்றேட் இரத்தத்தில போட்டால் என்ன நடக்கும்? பவுடரோட கல்சியமும் போகுது, இரத்தம் கெதியா உறையுது, "மரவள்ளி அற்புதம்" எண்டு எழுதுவியள். உறைய வைச்சது மரவள்ளி இல்லை, ஊர்க் கிணறு. வேணுமெண்டு கல்சியம் ஏத்தின பவுடர் செய்யிறவையும் இருக்கினம், அது வேற, அவை அதைச் சொல்லித்தான் செய்யினம். நீங்கள் கழுவுறதெண்டால் முதல் கழுவலிலயிருந்தே காய்ச்சி வடிச்ச தண்ணி, கடைசிக் கழுவல் தண்ணியில கல்சியம் இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துவிட்டுத்தான் காயவிடவேணும். அப்பிடிச் செய்தால் கிணத்துத் தண்ணியில வாற பக்ரீரியா நச்சும், அதுதான் என்டோரொக்சின், மாவில ஏறாது. ஏறினால் அது சூடாக்கினாலும் லேசில போகாத சாமான், பிறகு அழுது வேலையில்லை.

பிறகு காத்து. ஸ்ராச் காத்தில இருக்கிற ஈரத்தைச் சும்மாவே குடிக்கும், உருளைக்கிழங்கு ஸ்ராச் சாதாரணமாவே தன்ர எடையில ஆறில ஒரு பங்குக்குக் கிட்டத் தண்ணி வைச்சிருக்கும். சோளகக் காத்து அடிக்கிற நேரம் அளந்த உறிஞ்சல் கணக்கும் கார்த்திகை மழைக்குள்ள அளந்த கணக்கும் ஒத்துவராது, பவுடர் ஏற்கனவே அரைவயிறு குடிச்சிட்டு வந்தால் இரத்தத்தில என்னத்தைக் குடிக்கும்? நிறுக்க முதல் காயவைச்சு, டெசிக்கேற்றர் எண்ட ஈரம் புகாத மூடின சாடிக்குள்ள ஆறவிட்டு, எடுத்த கையோட நிறுக்கவேணும். அதுக்குள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா மணி நீலத்திலயிருந்து ரோஸுக்கு மாறினால் அண்டைக்கு அளவெடுக்காதேங்கோ, மணியை முதல்ல ஒவனில போடுங்கோ. கரண்ட் கட் நேரமும் அப்பிடித்தான், 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததெல்லே, வோட்டர் பாத் ஆறினால் இரத்தம் உறையுற வேகமும் மாறும், அண்டைய வாசிப்பைக் கழிச்சு விடுறதுதான் மரியாதை. கண்ணாடி ரியூப்பும் பிளாஸ்ரிக் ரியூப்பும் கலந்து பாவிக்கவும் வேண்டாம். கண்ணாடி தொட்டாலே உறைதல் தொடங்கும், அதால கண்ணாடியில பவுடர் இல்லாத இரத்தமும் கெதியா உறைஞ்சு உங்கட பவுடரின்ர வித்தியாசம் சுருங்கும், பவுடரைப் பிளாஸ்ரிக்கிலயும் கொன்ரோலைக் கண்ணாடியிலயும் போட்டால் தலைகீழாவும் வரும்.

ஆர்ர இரத்தம் எண்டதும் முக்கியம். மனித இரத்தத்துக்கு நெறிமுறைக் குழு அனுமதி வேணும், அதால கனபேர் இறைச்சிக்கடைக்குப் போய் ஆட்டு இரத்தம் எடுக்கினம். எடுக்கலாம், பிழையில்லை. ஆனா ஆட்டின்ர சிவப்பணு எங்கடயை விட நல்லாச் சின்னன், எங்கடது ஏழு எட்டு மைக்ரோன், ஆட்டினது மூண்டு நாலு மைக்ரோன். உங்கட பவுடரின்ர துளை அளவுக்கும் சிவப்பணு வெளியில நிக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கு எண்டு நீங்கள் வாதிடுறதெண்டால் அந்த வாதம் ஆட்டில ஒண்டு, மனிதரில வேறொண்டு. சிவப்பணு உடையுதோ எண்டு பாக்கிற ஹீமோலைசிஸ் ரெஸ்ட்டிலயும் ஆட்டு அணு கெதியா உடையுற சாதி, 2 சதவீதத்துக்குக் கீழ வந்தால்தான் உடைக்காத சாமான் எண்டு எடுக்கிறது, ஆட்டில கூட வந்தால் பவுடரில பழியைப் போட முதல் சேலைன் கொன்ரோலைப் பாருங்கோ. வெட்டின உடன சிற்றேட் போத்திலுக்குள்ள பிடிக்கவேணும், நிலத்தில சட்டியில சேந்ததை அள்ளிக்கொண்டு வந்தால் அது ஏற்கனவே பாதி உறைஞ்ச இரத்தம். இன்னொண்டு, நல்லூர்த் திருவிழா 25 நாளும் சனம் மச்சம் சாப்பிடாது, ஆடு வெட்டுறது நல்லாக் குறைஞ்சிடும், அந்த மாதத்துக்கு ஆட்டு இரத்த வேலை வைச்சுக்கொண்டு நிண்டால் கையைப் பிசையவேண்டியதுதான்.

கிருமி நீக்கம் பற்றி ஆரும் கடைசியிலதான் யோசிக்கினம், ஆனா அது முதல்ல வரவேண்டியது. ஒட்டோகிளேவில 121 பாகை ஈரச் சூட்டில வைச்சால் பச்சை ஸ்ராச் பசையாகி வரும். எதிலீன் ஒக்சைட் வாயு குடுக்கலாம், அதின்ர மிச்சம் உள்ள நிக்குதோ எண்டு பாக்கவேணும். காமாக் கதிர் குடுக்கிறதெண்டால் பியகமவில அணுசக்திச் சபையின்ர நிலையம் இருக்கு, கொழும்புக்குப் பாசல் அனுப்பி எடுக்கலாம், ஆனா கதிர் ஸ்ராச் சங்கிலியளை அறுக்கும், ஊதுற தன்மையும் களியின்ர இறுக்கமும் மாறும். அப்ப கிருமி நீக்க முதல் எடுத்த வாசிப்பெல்லாம் வேற ஒரு பவுடரின்ர வாசிப்பு. ஆளில போடப்போறது நீக்கினதுக்குப் பிறகு இருக்கிற சாமான்தானே, ரெஸ்ட்டும் அதிலதான் செய்யவேணும். பச்சை ஸ்ராச் சூட்டிலயோ ஈரத்திலயோ கெட்டுப்போச்சோ எண்டு கெதியாப் பாக்க ஒரு வழி இருக்கு: துருவப்படுத்தின வெளிச்சம் உள்ள மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ பச்சை ஸ்ராச் மணி ஒவ்வொண்டிலயும் ஒரு கறுத்தச் சிலுவை தெரியும், மைக்ரோஸ்கோப் தட்டைச் சுத்தினால் மணி சுத்தும், சிலுவை அதே திசையிலயே நிக்கும். அவிஞ்ச மணியில அது இருக்காது. முதல்தரம் பாக்கிற பிள்ளையள் எல்லாம் போன் எடுத்துப் படம் பிடிக்குங்கள்.

எலி வேலைக்கு வாறன். எலியில ஈரலின்ர ஒரு இதழில அளவான வெட்டுப் போட்டு, கீழ முதலே நிறுத்து வைச்ச வடிதாளை விரிச்சு, இரத்தம் நிண்ட நேரத்தையும் தாளின்ர எடை கூடினதையும் எடுக்கிறது வழமை. இதில உள்ள கண்கட்டு என்னெண்டால் எலியின்ர இரத்தம் தானாவே படு வேகமா நிக்கும். மனிதருக்கு ஒரு மைக்ரோலீற்றரில 150,000 தொடக்கம் 450,000 பிளேட்லெட், எலிக்கு அது பத்து லட்சத்துக்குக் கிட்டப் போகும். சும்மா கோஸ் துணி வைச்சு அமத்தினாலே நிக்கிற காயத்தில பவுடரின்ர கெட்டித்தனம் எங்க தெரியப்போகுது? அதால கோஸ் மட்டும் வைச்ச கூட்டம் ஒண்டு கட்டாயம் வேணும், ஒண்டுமே செய்யாத கூட்டத்தோட மட்டும் ஒப்பிட்டுப்போட்டு வந்து நிக்கக்கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் குடுத்த எலியிலயும் செய்து பாத்தால்தான் கஷ்டமான ஆளில என்ன நடக்கும் எண்டு கொஞ்சமாவது தெரியும். வெட்டு ஒவ்வொண்டும் ஒரே ஆழம் வராது, அதால பவுடர் போட முதல் கொஞ்ச விநாடிக்கு வாற இரத்தத்தை வேற தாளில பிடிச்சு நிறுத்து வையுங்கோ, கனக்கக் கசிஞ்ச எலி எந்தக் கூட்டத்துக்குப் போனது எண்டு பிறகு பாக்க அது உதவும். பவுடர் வெள்ளையாத் தெரியும், அதால வெட்டுறவரின்ர கண்ணைக் கட்டேலாது, எண்டாலும் எந்த எலிக்கு எது எண்ட சீட்டை வெட்டி முடிஞ்ச பிறகு உடைக்கலாம், மணிக்கூடு பாக்கிறவர் வேற ஆளா இருக்கலாம். எலியைச் சும்மா கொல்லக்கூடாது எண்டதுக்காகவும் சொல்லுறன், ரியூப்பில களி எண்டு தெரிஞ்ச பவுடரை எலிக்குக் கொண்டுபோகாதேங்கோ.

தியேட்டருக்குள்ள நடக்கிறதை நான் நிண்டு பாத்தும் கேட்டும் அறிஞ்சதுதான். வயசான சேஜன் ஒருத்தர் எனக்குச் சொன்னது, "பிள்ளை, உது கசியிற இரத்தத்துக்கு. பாயிற இரத்தத்துக்கு நூல்தான்." பவுடரின்ர அனுமதியும் அதைத்தான் சொல்லுது: மயிர்த்துளைக் குழாய், சின்ன நாளம், சின்ன நாடி, அதுவும் அமத்தியோ கட்டியோ நிப்பாட்ட ஏலாத இடத்தில. பாயிற நாடிக்கு மேல தூவினால் இரத்தம் பவுடரையும் அள்ளிக்கொண்டு ஓடும். தூவுற முறையும் கிட்டத்தட்டப் பாதி வேலை. தேங்கி நிக்கிற இரத்தத்தை முதல்ல ஒத்தி எடுத்துப்போட்டு, கசியிற இடம் தெரியேக்க உடன, தாராளமா, கசியிற வாய்க்குக் கிட்ட வைச்சுப் போடவேணும். குளம் மாதிரி நிக்கிற இரத்தத்துக்கு மேல போட்டால் மேல தோல் கட்டும், கீழ கசிஞ்சுகொண்டிருக்கும். பிறகு கோஸால அமத்தி, கோஸை இழுக்க முதல் சேலைன் விட்டு நனைக்கவேணும், காய்ஞ்ச கோஸை உரிச்சால் களியும் உறைஞ்சதும் சேந்து வரும், திரும்ப முதல்லயிருந்து. கமரா விட்டுச் செய்யிற ஒப்பரேசனில நீட்டுக் குழாயின்ர நுனி ஈரத்தில பட்டால் அடைச்சுப்போகும், அந்த நேரம் பாத்து நேர்ஸ் அக்காவைத்தான் எல்லாரும் ஏசுவினம், நுனியைக் காயவைச்சு வைச்சிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை.

போடக்கூடாத இடங்களும் இருக்கு, அதைப் பவுடர் விக்கிற ஏஜென்ற்மார் மெதுவாத்தான் சொல்லுவினம். இரத்தக் குழாய்க்குள்ள போனால் அடைச்சு உயிராபத்து. எலும்புத் துளையள், முள்ளந்தண்டு நரம்பு, கண் நரம்பு பக்கத்தில ஊதி நசிக்கும், அதால மிச்சத்தைக் கழுவி உறிஞ்சி எடுக்கவேணும். சிந்துற இரத்தத்தைச் சுத்திகரிச்சு ஆளுக்கே திருப்பிக் குடுக்கிற மெசின் ஓடேக்க கண்டபடி தூவக்கூடாது. ஸ்ராச் கரைஞ்சால் குளுக்கோஸ்தானே, அதால சீனி வருத்தக்காரருக்கு 50 கிராமுக்கு மேல போடவேண்டாம் எண்டு அரிஸ்ராவின்ர தாளிலயே இருக்கு. எங்கட பக்கம் தியேட்டருக்கு வாறவையில சீனி இல்லாத ஆளைத் தேடவேணும், அதால எவ்வளவு போட்டது எண்டு ஒப்பரேசன் குறிப்பில எழுதிவிடச் சொல்லுங்கோ, வோர்டில சீனி ஏறினால் காரணம் தேடுறவைக்கு உதவும்.

பழைய ஆக்கள் ஒரு கேள்வி கேப்பினம், நியாயமான கேள்வி: முந்தி கிளவுஸுக்குப் போட்ட மாவால வயித்துக்குள்ள குடல் ஒட்டிக்கொண்டதெல்லோ, இப்ப திரும்ப மாவையே அள்ளிப் போடுறியளோ எண்டு. மெய்தான், சோள ஸ்ராச் கிளவுஸ் மாவால கட்டியளும் ஒட்டலும் வந்தது, அமெரிக்காவில 2017 தையோட மா போட்ட கிளவுஸைத் தடையே செய்திட்டினம். ஒட்டோகிளேவில அவியாமல் இருக்க அந்த மாவையும் எபிகுளோரோஹைட்ரினாலதான் பதப்படுத்தினது, கொஞ்சம் மக்னீசியம் ஒக்சைட்டும் கலந்தது. அதால "தாவரம், இயற்கை, பயமில்லை" எண்டு ஏஜென்ற் சொல்லுறது எனக்கு ஒரு மறுமொழியாத் தெரியேல்ல. மறுமொழி எண்டால் எவ்வளவு கெதியாக் கரையுது, எவ்வளவு சுத்தம், சில கிழமை கழிச்சு எலியைத் திறந்து பாக்கேக்க ஒட்டல் இருக்கோ இல்லையோ எண்டது. கூடப் பிணைச்சால் பவுடர் உறுதியா இருக்கும், அமைலேஸுக்கு வெட்ட ஏலாமல் கனகாலம் கிடக்கும். குறையப் பிணைச்சால் கெதியாக் கரையும், களி காயத்தில நிக்காது. உந்த ரெண்டுக்கும் நடுவில இடம் பிடிக்கிறதுதான் முழு வித்தையும்.

இஞ்ச ஒண்டைச் செய்து முடிச்சாலும் 2015ம் ஆண்டு 5ம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில பதியாமல் ஆளில போடேலாது, உள்ள கரையுற சாமான் எண்டபடியால் கேக்கிற தாள்களும் கூட. அதால காசும் காலமும் குறைஞ்ச லாப்புகள் சொந்தப் பவுடர் செய்யிறதை விட, சந்தைக்கு வாற பவுடரை ஒழுங்காச் சோதிச்சுக் குடுத்தாலே ஆஸ்பத்திரிக்குப் பெரிய உபகாரம் எண்டு நான் நினைக்கிறன், என்னோட வேலை செய்யிற கனபேர் இதுக்கு ஒத்துக்கொள்ளமாட்டினம், பரவாயில்லை.

ஏஜென்ற் மாதிரிப் பக்கெற் கொண்டுவந்தால் நீங்கள் பாக்கவேண்டியது லொட் நம்பரை, அதாவது ஒரே தடவையில செய்த தொகுதியின்ர நம்பரை. ஒரே லொட்டில ஒரு பெட்டி நிறையத் தந்தாலும் அது ஒரு மாதிரிதான், ரெண்டு மூண்டு லொட் கேளுங்கோ. எந்த முறையில கிருமி நீக்கினது, என்டோரொக்சின் ரிப்போட் அந்த லொட்டுக்குரியதோ, எத்தினை பாகைக்குள்ள வைக்கவேணும், அவற்ற வான் கொழும்பிலயிருந்து ஏசி இல்லாமல் வந்ததோ எண்டெல்லாம் கேளுங்கோ. உடைச்ச பக்கெற்றில மிச்சத்தை நாளைக்கெண்டு வைக்காதேங்கோ. உடைக்காத பக்கெற் ஒண்டை லொட் நம்பரோட டெசிக்கேற்றருக்குள்ள போட்டு வையுங்கோ, ஆறு மாதம் கழிச்சு ஆராவது சேஜன் "இந்தமுறை வந்தது நிக்குதில்லை" எண்டு சொல்லேக்க ஒப்பிட்டுப் பாக்கக் கையில ஒண்டு இருக்கும்.